30 பேருக்கு ஒரு மார்ஷல் போதாது: குமரி மாவட்ட லேசர் டேக் அரங்கு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒளியைச் சுட்டுப் புள்ளி எடுக்கும் லேசர் டேக் ஆட்டத்துக்கு அரங்கு நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கான குழு முன்பதிவு விதிகளை உங்களில் ஒருவர் மாற்றி, ஏற்பாட்டாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். 30 பேருக்குக் குறைந்தால் குழுக்களுக்கான சலுகைக் கட்டணம் கிடையாது. 30 பேரும் ஒரே மணி நேரத்தில் ஆடி முடித்துவிட வேண்டும். அரங்குக்குள் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான மார்ஷல் ஒரே ஒருவர். ஆட்டத்துக்கு முன் நேரில் தரும் விளக்கம் இனி இல்லை. வரவேற்பறை டிவியில் மூன்று நிமிட வீடியோ ஓடும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, ‘எல்லா இடத்திலும் இனி இப்படித்தான்’ என்ற பதில் மட்டும் வந்தது. அந்த அரங்கின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பதில் உண்மையாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

பங்கு இளைஞர் இயக்கம், மறைக்கல்வி வகுப்பு, பள்ளி, ஊர் கிளப், அலுவலகம் எனப் பல குழுக்களை நாகர்கோவில், தக்கலை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கமிருந்து அரங்குகளுக்கு அழைத்து வருகிறவர்கள் நாங்கள். எங்களில் சிலர் இந்தத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர்கள். இந்த விதி மாற்றம் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும்.

நேரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர் கொண்ட குழுவுக்குப் பெயர் பதிவும் படிவமும் முடிய 10 நிமிடம். விளக்கம் 8 நிமிடம். அடியைப் பதியும் சென்சார் உள்ள தலைப்பட்டையான ஹெட்பேண்டைக் கட்டி, துப்பாக்கியோடு இணைத்து, சுட்டுச் சோதிக்க 6 நிமிடம். மிச்சம் 36 நிமிடத்தில் பத்து நிமிட ரவுண்ட் மூன்று ஆடலாம், நடுவில் தண்ணீர் குடிக்க மும்மூன்று நிமிடம் இரண்டு முறை. ஒரு மணி நேரம் என்று விற்பதில் ஆட்டம் அரை மணி நேரம்தான். அது நியாயமான கணக்கு, அதில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. இப்போது அதே அரங்கில், அதே 20 துப்பாக்கியோடு 30 பேரை விடுங்கள். ஒவ்வொரு ரவுண்டிலும் 10 பேர் வெளியே உட்கார வேண்டும். ஆளுக்கு இரண்டு ரவுண்ட், அதாவது 20 நிமிடம். அதுவும் முழுசாகக் கிடைக்காது. ஒருவர் தலையிலிருந்து கழற்றி இன்னொருவர் தலையில் கட்டி, மறுபடி சரிபார்க்க அந்த மூன்று நிமிட இடைவேளை பத்தாது. ஐந்தாறு நிமிடம் ஓடிவிடும். கடைசி ரவுண்டைப் பாதியில் நிறுத்தி ‘அடுத்த குரூப் வந்தாச்சு’ என்பார்கள். காசு கட்டியது ஒரு மணி நேரத்துக்கு.

சரி, 30 துப்பாக்கி வாங்கிவிட்டோம் என்று ஒருவர் சொல்லலாம். அப்போது இடம் இடிக்கும். சுவரும் தடுப்பும் போக ஆடுவதற்கு எஞ்சும் தரை 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கூரைக்குக் கீழே தலைக்கு 150 சதுர அடிக்குக் குறைந்தால் ஆட்டம் கெடும் என்பது எங்கள் அனுபவக் கணக்கு. அந்தக் கணக்கில் இதில் 16 பேர் ஆடலாம். 30 பேரை விட்டால் ஆளுக்கு 80 சதுர அடி. ஒன்பதுக்கு ஒன்பது அறையில் ஒருவர். அடிபட்டு ‘செத்தவர்’ தன் அணியின் தளமான பேஸில் உயிர் பெற்று ஒரு காலை வெளியே வைப்பதற்குள் மூன்று பக்கமிருந்தும் சூடு விழும். உயிர் பெறுவது, சாவது, திரும்ப பேஸுக்கு நடப்பது, இவ்வளவுதான் மிஞ்சும். ஒளிந்து, சுற்றி வளைத்து, கூட்டாளிக்குக் காவல் கொடுத்து ஆடும் டாக்டிகல் ஆட்டத்துக்கு அங்கே இடமே இல்லை.

நெருக்கடியில் இன்னொன்றும் நடக்கும். இந்தத் துப்பாக்கியிலிருந்து பாய்ந்து புள்ளி எடுப்பது லேசர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. பெரும்பாலான துப்பாக்கிகளில் சுடுவது சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி., டிவி ரிமோட்டில் இருக்கும் அதே வகை. முன்னால் தெரியும் சிவப்புப் புள்ளி குறி பார்ப்பதற்கும் பகட்டுக்கும் மட்டும். ஆட்டக்காரர் எண், அணி, எவ்வளவு சேதம் என்ற மூன்று தகவலும் அந்த அகச்சிவப்புத் துடிப்புகளுக்குள் போகிறது; எதிராளியின் சென்சார் அதைப் படித்து அடி விழுந்ததாகக் கணக்கு வைக்கிறது. இந்த ஒளி தகரத்தில் படும், வெள்ளைச் சுவரில் படும், திரும்பி வரும். ஆட்கள் நெருக்கமாக இருந்து சுவரும் தகரமாக இருந்தால், மூலைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவருக்கும் அடி பதியும். ‘என்னை யாருமே பார்க்கல, எப்படிச் செத்தேன்’ என்று பிள்ளைகள் சண்டை போடுவது இதனால்தான். உட்சுவரை மங்கலான கறுப்புப் பெயிண்ட் அடித்து, துப்பாக்கியின் சக்தியை உள்ளரங்க அளவுக்குக் குறைத்து வைத்தாலே பாதிச் சண்டை தீரும். பல அரங்குகளில் வெளியரங்கச் சக்தியிலேயே உள்ளேயும் ஓடுகிறது, யாரும் மாற்றுவதில்லை.

இதையெல்லாம் கண்டுபிடிக்கிறவர் மார்ஷல். அவரைத்தான் குறைக்கிறீர்கள்.

மூன்று நிமிட வீடியோ எதைச் சொல்லும்? ஓடாதே, ஏறாதே, தள்ளாதே, துப்பாக்கியால் இடிக்காதே. சொல்லட்டும். ஆனால் ஹெட்பேண்டைச் சரியாகக் கட்டிவிட வீடியோவால் முடியாது. ஹெட்பேண்டில் பொதுவாக நெற்றி, பின்தலை, இரு காதுப் பக்கம் என நான்கு சென்சார். நம்மூர்ப் பெண் பிள்ளைகள் பின்னலில் நெருக்கமாகக் கட்டிய பிச்சிப்பூ வைத்து வருவார்கள். பின் சென்சார் பூவுக்குள் புதைந்துவிடும், முதுகுப் பக்கமிருந்து எத்தனை சுட்டாலும் பதியாது. துப்பட்டாவைத் தலையில் போட்டால் பக்கச் சென்சார் மறையும். சின்னப் பையன்களுக்கு ஹெட்பேண்ட் நழுவிக் கழுத்துக்கு வந்துவிடும். அவர்களே ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அந்தக் கை நெற்றிச் சென்சாரை மூடும். பூவுக்கு மேலே ஏற்றிக் கட்டி, துப்பட்டாவுக்கு வெளியே ஹெட்பேண்டைப் போட்டு, பின்னால் வெல்க்ரோவை இறுக்கி, ஒவ்வொருவரையும் நிறுத்தி நான்கு பக்கமும் ஒரு தடவை சுட்டுப் பார்த்து உள்ளே அனுப்ப ஒரு ஆள் வேண்டும். ஆளுக்கு 20 விநாடி ஆகும். அந்த 20 விநாடியைத்தான் மிச்சப்படுத்தப் பார்க்கிறீர்கள்.

இந்தச் சோதனை ஹெட்பேண்டுக்கு மட்டும் இல்லை. ப்ளூடூத்தில் இணையும் வகைத் துப்பாக்கிகளில் ஒருவர் ஹெட்பேண்ட் இன்னொருவர் துப்பாக்கியோடு இணைந்துவிடுவது அடிக்கடி நடக்கும், முக்கியமாக ரவுண்டுக்கு ரவுண்ட் ஆள் மாற்றும்போது. அடி வாங்குவது ஒருவர், துப்பாக்கி செத்துப்போவது வேறொருவருக்கு. ஆட்டம் தொடங்கிவிட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. 30 பேர், ஒரு மார்ஷல், இருட்டு, புகை, பாட்டுச் சத்தம். அவர் ஒருவருடைய துப்பாக்கியை ரீசெட் செய்ய முகப்புக்கு ஓடினால் உள்ளே யாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் மோதல் நடக்கும். லேசர் டேக்கில் அடிபடுவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்: இருட்டில் முட்டிக்கொள்வது, ஓடித் திரும்பும்போது கணுக்கால் பிசகுவது. மூன்றாவதாக, பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்ப, துப்பாக்கிக் கட்டை பல்லில் படுவது. 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள டாக்டிகல் துப்பாக்கியை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தால் அது தாழ்ந்துதான் நிற்கும், இன்னொரு பிள்ளையின் முக உயரத்தில். சின்னவர்களுக்கு ஒரு கிலோ சுமாரில் இலேசான துப்பாக்கி தனியாக வேண்டும்.

பெரியவர்களுக்கு 10 பேருக்கு ஒருவர், 12 வயதுக்குக் கீழே 6 பேருக்கு ஒருவர் என்று மார்ஷல் வேண்டும். முகப்பில் கணினியைப் பார்த்துக்கொள்பவர் அந்தக் கணக்கில் சேர மாட்டார். இது குறைந்தபட்சம் என்றே கருதுகிறோம்.

பங்குச் சுற்றுலா என்றால் எட்டு வயதிலிருந்து நாற்பத்தைந்து வரை ஒரே வேனில் வருவார்கள். அவர்களை அப்படியே இரண்டு அணியாகப் பிரித்து, கடைசிவரை உயிரோடு இருப்பவர் வெற்றி என்ற ஆட்டத்தை வைத்தால், முதல் ஒரு நிமிடத்தில் சின்னவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளையே அழுதுகொண்டு வெளியே நிற்கும். உங்கள் மென்பொருளில் இதற்கு வழி இருக்கிறது, பல இடங்களில் யாரும் தொடுவதில்லை. சின்னவர்களுக்கு உயிர்ப் புள்ளியை இரண்டு மடங்கு வையுங்கள். திரும்ப உயிர் பெறும் நேரம் பெரியவர்களுக்கு 15 விநாடி, சின்னவர்களுக்கு 5 விநாடி. முதல் ரவுண்ட் பழகுவதற்கு: எத்தனை முறை செத்தாலும் எழலாம். இரண்டாவது கொடி பிடிப்பது அல்லது பேஸ் பிடிப்பது. மூன்றாவது வேண்டுமானால் ஒருவரைக் காத்துக் கொண்டுசேர்க்கும் ஆட்டம். பிறந்தநாள் பிள்ளையே அந்த ஒருவர், இரண்டு பெரியவர்கள் மெடிக், அதாவது மற்றவர்களுக்கு உயிர் ஏற்றித் தருபவர்கள். இப்படி ஆடினால் மொத்தக் குழுவும் 30 நிமிடமும் உள்ளேயே இருக்கும். கேக்கும் பிரியாணியும் ஆட்டத்துக்குப் பிறகுதான். முதலில் சாப்பாடு போட்டால் கை எண்ணெய்ப்பிசுக்கு முழுவதும் துப்பாக்கி விசையில் ஏறும், வயிறு நிறைந்த பிள்ளைகள் இரண்டாவது ரவுண்டில் வாந்தி எடுப்பார்கள். பேக்கேஜில் ஸ்நாக்ஸை முதலில் வைப்பது உங்கள் சமையலறை வசதிக்காக. அதை மாற்றுங்கள்.

கருவிப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். குளச்சல், முட்டம் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு உண்டு. சார்ஜ் ஏற்றும் பின்களில் பச்சைக் களிம்பு படியும். விளக்கு எரியும், பேட்டரி ஏறியிருக்காது. இரண்டாவது ரவுண்டில் துப்பாக்கி கண்ணை மூடும். வாரம் ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். துப்பாக்கி பேட்டரியில் இருக்கும் 18650 வகை லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க இறங்க ஓட்டிய செல்லும், வீங்கிய செல்லும், உறை கிழிந்த செல்லும் அன்றே வெளியே போக வேண்டும். ஹெட்பேண்ட் வியர்வையில் ஊறி அடுத்த குழுவின் தலைக்கு ஈரமாகவே போகிறது. இரண்டு செட் வைத்து, ஒன்றைத் துடைத்துக் காயப் போட்டு மாற்றி மாற்றித் தாருங்கள். உள்ளே போட மெல்லிய துணித் தொப்பி கொடுத்தால் பேன் பயமும் இருக்காது.

குறி பார்க்கும் லேசரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணில் தெரியும் லேசர் ஒரு மில்லிவாட்டுக்குள் இருந்தால் அது இரண்டாம் வகுப்பு. தவறிக் கண்ணில் பட்டாலும் இமை தானாக மூடிக்கொள்ளும் கால் விநாடி காப்பாற்றிவிடும். துப்பாக்கியோடு வந்த சிவப்பு லேசர் கெட்டுப்போனதும் கடையில் கிடைக்கும் பச்சை லேசரை வாங்கி ஒட்டுகிறார்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், பச்சையில் சுமார் 90 விழுக்காடு அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. ஒட்டிய ஸ்டிக்கரில் என்ன எழுதியிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது அளந்தால்தான் தெரியும். பத்து வயதுப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் குறிவைக்கும் விளையாட்டு இது. வகுப்புச் சான்று இல்லாத லேசரைக் கழற்றிவிடுங்கள். அது இல்லாமலே துப்பாக்கி சுடும், அடி பதியும்.

இனி வாசலைப் பற்றி. மேலே சொன்ன அந்தப் பத்துப் பேர், தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள், எங்கே உட்கார்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அரங்கையும் வரவேற்பறையையும் சேர்க்கும் அந்த ஒரே நடையில், செருப்பும் பையும் குவிந்த இடத்தில். உள்ளே இருக்கும் 20 பேர் வெளியே வர அதுதான் வழி. இரண்டாவது கதவு இருந்தால், டிக்கெட் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்று பூட்டிக் கிடக்கிறது. தகரக் கூரை ஷெட், பிளைவுட் தடுப்பு, கறுப்புத் துணி, பழைய டயர், ஃபோம். இவையெல்லாம் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்ளும் பொருள்கள். 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் இப்படி எழுப்பிய விளையாட்டு அரங்கில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே ஆட்களை விட்டிருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கிடையாது. தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமைக் கூட்டம் அது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த தமிழ்நாட்டில், பிள்ளைகளை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

புகை இயந்திரத்தால் வரும் ஒரு கோளாறு இதோடு சேர்ந்தது. கிளைக்கால் கலந்த நீரைச் சூடாக்கி விடும் அந்தப் புகை, ஒளியை வைத்து உணரும் புகை எச்சரிக்கைக் கருவியை அடிக்கடி அலற வைக்கும். எரிச்சலில் கருவியின் மேல் டேப்பைச் சுற்றிவிடுகிறார்கள், அல்லது பேட்டரியை உருவிவிடுகிறார்கள். உண்மையான தீ வந்தால் அன்றைக்கும் அது பேசாது. அந்த அறைக்கு வெப்பத்தை உணரும் கருவியைப் போடுங்கள். விளையாட்டுப் புகைக்கு அது அசையாது. புகையை ரவுண்டுக்கு ஒரு சிறு வீச்சோடு நிறுத்துங்கள். அதிகம் போனால் தரை வழுக்கும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும். விட்டு விட்டு மின்னும் விளக்கு வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, விநாடிக்கு மூன்று மின்னலைத் தாண்டினாலே ஆபத்து உண்டு. இதைப் படிவத்திலும் கேட்க வேண்டும், முன்பதிவின்போதே சொல்லவும் வேண்டும். கரண்ட் போனால் உள்ளே கும்மிருட்டு. தனித்தனி பேட்டரியோடு எரியும் அவசர விளக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் வேண்டும், மாதம் ஒருமுறை மெயினை அணைத்து அவை எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கிக்குச் சார்ஜ் ஏற்றும் மேஜையை வெளியேறும் வழியில் போடாதீர்கள். லித்தியம் செல் தீப்பிடித்தால் முதலில் அடைபடுவது அந்த வழிதான்.

ரப்பர் தோட்டத்திலும் தென்னை விளையிலும் திறந்தவெளி அரங்கு போட்டிருப்பவர்களுக்கு வேறு கவலைகள் உண்டு. ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டையை 125 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டத் தொடங்குவார்கள், வருடத்துக்கு வருடம் வெட்டு கீழே இறங்கும். பால் வடியும் தகரத் துண்டும், சிரட்டையைத் தாங்கும் கம்பியும் சரியாக ஏழெட்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் நேரே நிற்கும். மரத்தைக் கட்டிப்பிடித்து ஒளிந்து எட்டிப் பார்ப்பதுதான் இந்த ஆட்டம். ஆடும் பகுதியில் உள்ள மரங்களில் கம்பியைக் கழற்றுங்கள், அல்லது அந்த வரிசையை ஆட்டத்துக்கு வெளியே கயிறு கட்டி ஒதுக்குங்கள். மழைநீர்க் குழிகள் சருகால் மூடிக் கிடக்கும். கணுக்கால் பிசகுவது அங்கேதான், பாம்பு படுத்திருப்பதும் அங்கேதான். டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை ரப்பர் இலை உதிரும். நிழல் போகும், வெயில் நேராக இறங்கும், சருகு பஞ்சுபோல் காயும். பீடி சிகரெட்டும் பட்டாசும் அந்தத் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது, கிறிஸ்துமஸ் கொண்டாட்டமாகவே இருந்தாலும்.

வெயிலில் அகச்சிவப்பு நிறைய இருப்பதால் நண்பகலில் துப்பாக்கியின் தூரம் சுருங்கும். சாயங்கால ஆட்டத்தில் மேற்கு பார்த்து நிற்கும் அணிக்குக் கண் கூசும், ஆனால் அவர்கள் நெற்றிச் சென்சார் வெயிலில் மழுங்கி எதிராளியின் சூடு பதியாமல் போகும். ரவுண்டுக்கு ரவுண்ட் பக்கம் மாற்றுவது இதற்காகத்தான். நேரம் மிச்சம் என்று அதையும் இப்போது விட்டுவிடுகிறீர்கள்.

தென்னை விளையில் தலைக்கு மேலே பாருங்கள். 45 நாளுக்கொரு முறை தேங்காய் பறிக்கும் வழக்கத்தைக் குழு வரும் நாளோடு பொருத்தி, காய்ந்த மட்டையையும் கொதும்பையும் அறுத்து இறக்கிய பிறகே ஆட்டம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் நெற்றுத் தேங்காய் தொங்கும் மரத்தடியில் யாரையும் நிறுத்தக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி வரும். முதல் இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ ஏற்றுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். ஓலைக் கொட்டகை இடிக்குப் பாதுகாப்பு ஆகாது. இப்படி நின்ற ஆட்டத்துக்கு வேறு தேதி கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. மழைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

படிவம், பணம், படம் மூன்றிலும் மனக்குறை பெரிது. வாசலில் வைத்து, 40 பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு ஆசிரியரிடம் ‘எந்த விபத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற ஆங்கிலத் தாளில் கையெழுத்து வாங்குகிறீர்கள். பெற்றோர் தர வேண்டிய ஒப்புதலை ஆசிரியர் எப்படித் தருவார்? வேனில் வந்து இறங்கிய பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப்போக முடியாது என்பதால் அவர் கையெழுத்துப் போடுகிறார். படிவத்தைத் தமிழில் அச்சடித்து ஒரு வாரம் முன்பே கொடுத்தால் பெற்றோரே நிரப்பித் தருவார்கள். இழுப்பு, வலிப்பு, சமீபத்திய எலும்பு முறிவு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் அதில் வந்துவிடும். பணத்தில், 30 பேருக்குப் பதிவு செய்து 24 பேர் வந்தாலும் 30 பேருக்கும் வசூல். கெட்டுப்போன துப்பாக்கியோடு ஒருவர் முழு ரவுண்டும் சும்மா நின்றாலும் அதே கட்டணம். குறைபாடான சேவையை நிறுத்தி உரிய காலத்துக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் உங்களிடமே கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல். படத்தைப் பொறுத்தவரை, பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் உங்கள் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போடுவதை இன்றே நிறுத்துங்கள்.

மின்கட்டணம், வாடகை, மார்ஷல்களுக்குச் சம்பளம் என்று உங்களுக்கும் நெருக்கடி இருக்கிறது. விடுமுறைக் காலத்தை விட்டால் வார நாட்களில் அரங்கு காலியாகக் கிடப்பதும் தெரியும். அதற்காகக் கட்டணத்தை உயர்த்தினால் பேசலாம். தலைக்கு 30, 40 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க எங்கள் குழுக்கள் தயங்காது, அது இன்னொரு மார்ஷலின் சம்பளமாகப் போகும் என்றால். கல்லூரிப் பிள்ளைகளைப் பகுதி நேரத்துக்கு எடுத்து ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தால் டிசம்பர் கூட்டத்தைச் சமாளிக்கலாம். ஆனால் முதலில் குறைத்தது ஆளை என்பதை எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது.

எனவே உங்களிடம் கேட்பவை இவை.

குறைந்தது 30 பேர் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆடலாம் என்பதை ஆடும் தரையின் பரப்பைக் கொண்டு கணக்கிட்டு, வேலை செய்யும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையைத் தாண்டாமல், வாசலில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அதற்கு மேல் வரும் குழுவை இரண்டு ஸ்லாட்டாகப் பிரியுங்கள்.

நேரில் தரும் எட்டு நிமிட விளக்கத்தையும் நான்கு பக்கச் சோதனையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். வீடியோவை முந்தின நாளே அனுப்பினால் நாங்கள் வேனில் போட்டுக் காட்டுகிறோம். பெரியவர் 10 பேருக்கும், 12 வயதுக்குட்பட்ட 6 பேருக்கும் ஒரு மார்ஷல் என்ற கணக்கை முன்பதிவு ரசீதிலேயே அச்சிடுங்கள்.

எதிரெதிரே இரண்டு வாசல், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஆட்ட நேரத்தில் பூட்டு இல்லை. காத்திருப்பவர்களுக்கு நடைக்கு வெளியே தனி இடம். தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் சான்றையும் அது முடியும் தேதியையும் முகப்பில் தொங்கவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர் கேட்காமலே அதைப் படிக்க முடிய வேண்டும்.

வகுப்புச் சான்று இல்லாத பச்சை லேசர்களைக் கழற்றுங்கள். திறந்தவெளி அரங்குகளில் கம்பி, குழி, மட்டை, தேங்காய் நான்கையும் ஒவ்வொரு குழுவுக்கும் முன்பு காலையில் ஒருவர் நடந்து பார்த்துக் கையெழுத்திடும் பதிவேடு வையுங்கள்.

தலை எண்ணிக்கையை முந்தின நாள் வரை மாற்றிக்கொள்ளவும், வந்தவர்களுக்கு மட்டும் கட்டணம் வாங்கவும், கெட்ட துப்பாக்கிக்கும் இடி மழைக்கும் பணமோ மறுதேதியோ தரவும் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள்.

நவம்பர் 30க்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம். ஏற்றுக்கொள்கிற அரங்குகளின் பட்டியலை எங்கள் பள்ளிகளுக்கும் பங்குகளுக்கும் கிளப்புகளுக்கும் அன்றே அனுப்புவோம். அரையாண்டு விடுமுறைக்கான முன்பதிவுகள் அந்த அரங்குகளுக்கு மட்டும் போகும். பழைய விதிகளை நம்பி ஏற்கெனவே முன்பணம் கட்டிய குழுக்களுக்கு, புதிய விதிகள் தொடர்வதாக இருந்தால், அந்தப் பணத்தைப் பிடித்தம் இல்லாமல் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டக் குழுச் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் சிலர்